தானமா, வியாபாரமா?

நாமக்கல் ஜில்லாவில் காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம், விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் ஓயாத ஊர். அங்கே கூலிக்குத் தறி ஓட்டிப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளர்கள் சிலர், கடன் தொல்லை தாங்கமாட்டாமல், தரகர்களின் பேச்சுக்கு இணங்கித் தங்கள் சிறுநீரகங்களில் ஒன்றை விற்றுவிட்டார்களென்னும் செய்தி 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வெளியாகி, தமிழ்நாட்டைத் தலைகுனியச் செய்தது. சர்க்கார் விசாரணை நடத்திற்று. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்வதற்கு அளித்திருந்த அநுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, இவ்விஷயத்தை ஆராய விசேஷப் புலனாய்வுக் குழு ஒன்றை நியமித்து உத்தரவிட்டது.

குற்றவாளிகள் யார், அவர்களுக்குரிய தண்டனை யாது என்பவற்றைப் புலனாய்வுக் குழுவும் நீதிஸ்தலங்களும் தீர்மானிக்கட்டும். அதில் நாம் தலையிட விரும்பவில்லை. நாம் கேட்பது வேறொரு கேள்வி. மனித அவயவங்களை விலைக்கு விற்பதும் வாங்குவதும் குற்றமென்று இந்திய பார்லிமெண்டு சட்டமியற்றியது 1994-ம் வருஷத்தில். முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த வியாபாரம் நம்மிடையே உயிரோடிருப்பது ஏன்? சில தரகர்களைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் இதற்கு முடிவு ஏற்பட்டுவிடுமா? ஏற்படாது என்பதே நமது திடமான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைச் சற்று விவரமாகக் கூறுவோம்.

முதலில், இச்சிகிச்சையின் அவசியத்தை உணர்ந்துகொள்ளுதல் வேண்டும். நாட்டு வைத்தியர்கள் குண்டிக்காய் என்று குறிப்பிடும் சிறுநீரகங்கள் இரண்டும், இரத்தத்திலுள்ள கழிவுகளையும் மிகுதியான நீரையும் உப்பையும் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்கள் பல வருஷ காலம் சந்தடியின்றி அவற்றை அரித்து வருகின்றன. ஒருவருக்குக் கால் வீங்கி, மூச்சுத் திணறி, உணவு வெறுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்பொழுது, சிறுநீரகங்கள் பெரும்பாலும் செயலற்றுப் போயிருப்பதைப் பலமுறை காண்கிறோம். அந்த நிலை எய்தியவருக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிஸிஸ். மற்றொன்று, வேறொருவருடைய சிறுநீரகத்தை உடலில் பொருத்திக்கொள்ளும் மாற்றுச் சிகிச்சை.

டயாலிஸிஸ் உயிரைக் காக்கிறது. ஆனால் வாரத்திற்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம், நோயாளி இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டும். கூலி வேலை செய்பவன் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அவனுடைய குடும்பம் எதை உண்டு வாழும்? மாற்றுச் சிகிச்சையோ அவனைத் திரும்பவும் வேலைக்கு அனுப்பக்கூடியது. டயாலிஸிஸிலேயே காலந்தள்ளுவோரைவிட, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் பொதுவாக நீண்ட காலம் ஜீவித்திருக்கிறார்கள் என்பதும் வைத்திய உலகம் ஐயமற ஒப்புக்கொண்ட விஷயமாகும். ஆகவே நோயாளிகள் மாற்றுச் சிகிச்சையை நாடுவதில் யாதொரு தவறுமில்லை. அவர்களுடைய தவிப்பு நியாயமானது. அந்தத் தவிப்பையும் மற்றொருவனுடைய வறுமையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு லாபம் சம்பாதிப்பவர்களிடத்திலேதான் குற்றம் இருக்கிறது.

இந்தச் சிகிச்சை முதன்முதலாக வெற்றி பெற்ற வரலாறு நினைவில் வைக்கத்தக்கது. 1954-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில், டாக்டர் ஜோஸப் மர்ரேயும் அவருடைய கூட்டாளிகளும், ரொனால்டு ஹெரிக் என்பவருடைய சிறுநீரகமொன்றை எடுத்து, அவரோடு இரட்டையராகப் பிறந்த ரிச்சர்டுக்குப் பொருத்தினார்கள். இருவரும் ஒரே கருவினின்று பிறந்தவர்களாதலால், ரிச்சர்டின் உடல் சகோதரனுடைய அவயவத்தை அந்நியப் பொருளென்று தள்ளவில்லை. அவர் மேலும் எட்டு வருஷம் உயிர் வாழ்ந்தார். தானம் செய்த சகோதரரோ 2010-ம் வருஷம் வரையில் ஜீவித்திருந்தார். டாக்டர் மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இச்சிகிச்சை 1971-ம் வருஷத்தில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் வெற்றிகரமாக நடைபெற்றது. இது தமிழ்நாட்டுக்குப் பெருமை தரும் விஷயம்.

அக்காலத்தில் சிறுநீரகம் கொடுப்பவர் பெரும்பாலும் நெருங்கிய இரத்த சம்பந்தமுள்ளவராகவே இருந்தார். அந்நியருடைய அவயவத்தை நோயாளியின் உடல் எளிதில் ஏற்பதில்லையாதலால், தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரையே நம்ப வேண்டியிருந்தது. 1980-ம் வருஷங்களில் ஸைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வழக்கத்திற்கு வந்ததும் நிலைமை மாறிற்று. உடலின் எதிர்ப்பை இம்மருந்து அடக்கியதால், முன்பின் அறியாதவருடைய சிறுநீரகமும் பல ஆண்டுகள் வேலை செய்யலாயிற்று. மருந்து உலகத்திற்கு வரப்பிரசாதமாக வந்தது. ஆனால் அதனோடு ஒரு விபரீதமும் வந்து சேர்ந்தது. ஏழையின் உடலுக்கு அன்றுமுதல் சந்தையில் விலை ஏற்பட்டது. பணமுள்ள நோயாளி, தம்முடைய உறவினரைக் கேட்டுச் சங்கடப்படுவதற்குப் பதிலாக, சேரியிலுள்ள ஒருவருடைய சிறுநீரகத்தை விலைக்கு வாங்கிவிடலாமென்ற நிலை உண்டாயிற்று. சென்னையில் வில்லிவாக்கத்தின் பெயரையே சிறுநீரகத்தோடு சேர்த்துப் பரிகாசமாக வழங்கும்படி அங்கே இவ்வியாபாரம் பெருகியதைப் பலரும் அறிவார்கள். இதைக் கண்டு நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாகவே 1994-ம் வருஷத்துச் சட்டம் பிறந்தது.

நிற்க. சிறுநீரகத்தை விற்றவர்கள் அதனால் அடைந்த பலன் என்ன? இதற்கு ஊகம் வேண்டியதில்லை. கணக்கே இருக்கிறது. 2001-ம் வருஷத்தில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ச்சியாளர் சிலர் நேரில் கண்டு விசாரித்தார்கள். அதன் முடிவு அடுத்த வருஷத்தில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. விற்றவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைப்பதற்காகவே விற்றதாகக் கூறினார்கள். அவர்களுக்குக் கிடைத்த தொகை சராசரி 1,070 டாலர். தருவதாகச் சொல்லப்பட்ட தொகையோ அதனினும் அதிகம். விற்று ஆண்டுகள் சென்ற பின் பார்த்தால், நூற்றுக்கு 74 பேர் இன்னும் கடனாளிகளாகவே இருந்தார்கள். அவர்களுடைய குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர், தங்கள் தேக சௌக்கியம் முன்னிருந்ததைவிட மோசமாகிவிட்டதென்றார்கள். மற்றவர்களும் இவ்வாறு விற்கலாமா என்று கேட்டதற்கு, நூற்றுக்கு 79 பேர் கூடாதென்று பதில் சொன்னார்கள்.

இந்தக் கணக்கைவிடத் தெளிவான தீர்ப்பு வேறென்ன வேண்டும்? கடன் தீருமென்று நம்பி உடலை அறுக்கக் கொடுத்தார்கள். கடன் தீரவில்லை, உடல்வலிமைதான் தீர்ந்தது. ஆரோக்கியமுள்ள ஒருவர், தக்க பரிசோதனைகளுக்குப் பிறகு தமது உறவினருக்குச் சிறுநீரகம் கொடுத்துவிட்டு, எஞ்சிய ஒன்றைக்கொண்டு சுகமாக வாழலாமென்பது உண்மையே. ஆனால் அவருக்கு ஓய்வும் நல்லுணவும் வருஷந்தோறும் வைத்தியப் பரிசோதனையும் கிடைத்தல் வேண்டும். விற்றவனுக்கு இவற்றில் எது கிடைக்கிறது? காயம் ஆறுமுன்பே மூட்டை தூக்கவும் தறி ஓட்டவும் அவன் போகவேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிந்த மறுநாள் முதல் தரகனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவன் யாரோ எவனோ!

சட்டமிருந்தும் இக்கொடுமை எவ்வாறு நடக்கிறதென்பதைப் பார்ப்போம். நெருங்கிய உறவினரல்லாதவரும், நோயாளியிடம் கொண்ட அன்பினாலோ பற்றினாலோ அல்லது வேறு விசேஷ காரணத்தினாலோ சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால், அநுமதிக் கமிட்டியின் சம்மதம் பெற்றுக் கொடுக்கலாமென்று சட்டம் இடமளிக்கிறது. இந்த ஏற்பாடு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதுதான். உயிர்த் தோழனுக்காக ஒருவன் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க விரும்பினால் அதை மறுப்பதற்கு நாம் யார்? ஆயினும் வியாபாரம் நுழைவது இவ்வாயில் வழியாகவேதான். முன்பின் பார்த்திராத இருவர் நெடுநாளைய நண்பர்களென்று பத்திரங்கள் தயாரிக்கப்படுகின்றன. சேர்ந்து நின்று படம் பிடித்துக் கொள்ளுகிறார்கள். கேட்கும் கேள்விக்கு இன்ன பதில் சொல்லவேண்டுமென்று பாடம் கற்பிக்கப்படுகிறது.

இதைத் தடுப்பதற்கு விதிகள் இல்லாமலில்லை. 2014-ம் வருஷத்து விதிகளின்படி, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள தொடர்பு எத்தகையதென்று கமிட்டி விசாரிக்க வேண்டும். இடையே தரகர் இல்லையென்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இருவருடைய தொழிலையும், முந்திய மூன்று வருஷத்து வருமானத்தையும் ஆதாரங்களுடன் ஒப்பிட்டு, பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் அதன் காரணத்தை ஆராய வேண்டும். விதி இவ்வளவு தெளிவாயிருக்க, தறிக்கூலி ஒருவனுக்கும் செல்வர் ஒருவருக்குமிடையே திடீரென்று முளைத்த நட்பு கமிட்டியின் கண்களுக்குச் சந்தேகமாகத் தோன்றாதது எங்ஙனம்? கமிட்டி காகிதத்தைப் பார்த்ததேயன்றி மனிதனைப் பார்க்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. காகிதம் பொய் சொல்லும். கடன்பட்டவன் முகம் பொய் சொல்லாது.

மற்றொரு குறையும் உண்டு. சட்டப்படி அவயவத்திற்குப் பணம் கொடுப்பவனும் குற்றவாளி, வாங்குகிறவனும் குற்றவாளி. 2011-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி இக்குற்றத்திற்கு ஐந்து முதல் பத்து வருஷம் வரை சிறைவாசமும், இருபது லக்ஷம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆகையால் பேசிய தொகையைக் கொடாமல் தரகன் ஏமாற்றிவிட்டாலும், விற்ற ஏழை போலீஸ் ஸ்டேஷன் வாயிலை மிதிக்க அஞ்சுகிறான். தன்னைக் காக்க வேண்டிய சட்டமே தன் வாயை அடைத்துவிட்டதாக அவன் உணர்கிறான். தரகனுக்கு இதைவிட வேறு பாதுகாப்பு வேண்டுமா?

“இவ்வியாபாரத்தைச் சட்டத்தால் ஒழிக்க முடியாதாதலின், சர்க்கார் மேற்பார்வையில் வெளிப்படையாகவே நடக்கவிட்டால் என்ன? நோயாளியும் பிழைப்பான், ஏழைக்கும் நியாயமான விலை கிடைக்கும்” என்று வாதிப்போரும் இருக்கிறார்கள். ஈரான் தேசத்தில் 1988 முதல் இத்தகைய ஏற்பாடு நடைபெற்று வருவதை அவர்கள் உதாரணமாகக் காட்டுவார்கள். நோயாளிகள் சாகிறார்களென்ற அவர்களுடைய கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அவர்களை ஒன்று கேட்கிறோம். விலை நியாயமாக்கப்பட்டால் மாளிகையில் இருப்பவர் தம் சிறுநீரகத்தை விற்க வருவாரா? வரமாட்டார். எவ்வளவு விலை வைத்தாலும் விற்க வருபவன் கடனாளியாகவே இருப்பான். சிறுநீரகத்தை விற்பது சட்ட சம்மதமானதென்று ஏற்பட்டுவிட்டால், கடன் கொடுத்தவன் அதையும் ஒரு சொத்தாகக் கணக்கிடத் தொடங்குவான். “நிலமில்லை, நகையில்லை என்கிறாயே, உன்னிடம் இரண்டு சிறுநீரகம் இருக்கின்றனவே” என்று கேட்கும் துணிவு அவனுக்கு வரும். மனிதனுடைய உடல் அடமானப் பொருளாகும் நாட்டில் சுதந்திரமென்ற சொல்லுக்குப் பொருள் ஏது?

அங்ஙனமாயின் நோயாளிகளுக்கு வழி யாது? வழி இருக்கிறது. உயிரோடிருப்பவனுடைய உடலை நாடாமல், இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து அளிக்கும் தானத்தை நாடுவதே அவ்வழி. விபத்தில் தலையில் அடிபட்டோ, மூளையில் இரத்தம் கசிந்தோ ஒருவருக்கு மூளைச்சாவு நேர்ந்துவிட்டால், அவர் இறந்தவரேயாவார். ஆயினும் இயந்திரத்தின் உதவியால் சிறிது நேரம் அவருடைய அவயவங்களில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேளையில் குடும்பத்தார் சம்மதித்தால், இரண்டு சிறுநீரகங்களால் இரு நோயாளிகள் பிழைப்பார்கள். இருதயமும் ஈரலும் வேறு உயிர்களைக் காக்கும். இங்கே விற்பவனுமில்லை, வாங்குபவனுமில்லை. காத்திருப்போர் வரிசைப்படி அவயவம் போய்ச் சேருகிறது.

இத்துறையில் தமிழ்நாடு நாட்டிற்கு வழிகாட்டியாக விளங்குகிறதென்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். 2008-ம் வருஷத்தில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் இளம் புதல்வனின் அவயவங்களை ஒரு டாக்டர் தம்பதிகள் தானம் செய்த செய்தி தமிழ் மக்களின் உள்ளத்தை உருக்கிற்று. அதே வருஷத்தில் சர்க்கார் இறந்தவர் அவயவ தானத் திட்டத்தை ஒழுங்குபடுத்திற்று. இறந்தவர் அவயவங்களைத் தானம் செய்யும்பட்சத்தில் சர்க்கார் மரியாதையோடு அவருக்கு இறுதிச் சடங்கு நடைபெறுமென்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024-ல் இங்கே 268 பேர் இறந்த பின் அவயவ தானம் செய்தார்கள்.

ஆனால் இதைக் கொண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. ஸ்பெயின் தேசத்தில் அதே 2024-ல் ஜனத்தொகையில் பத்து லக்ஷத்திற்கு ஐம்பது பேருக்கு மேல் இவ்வாறு தானம் செய்தார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு நான்கை எட்டவில்லை. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ ஒன்றுகூட இல்லை. ஸ்பெயின் ஜனங்கள் நம்மைவிடத் தர்மசிந்தை மிகுந்தவர்களா? அல்ல. அவர்கள் 1989-ல் தேசிய ஸ்தாபனமொன்றை அமைத்தார்கள். தானத்திற்குரிய பொறுப்பைப் பயிற்சி பெற்ற டாக்டர்களிடம் ஒப்படைத்து, ஆஸ்பத்திரிதோறும் அவர்களை அமர்த்தினார்கள். மூளைச்சாவு நேர்ந்தால் உடனே கண்டறியவும், துயரத்திலிருக்கும் குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேசவும் ஆட்கள் தயாராயிருந்தார்கள். நம் ஊர்களிலோ, கேட்க ஆளில்லாமையினாலேயே எத்தனையோ தானங்கள் மண்ணோடு மண்ணாகின்றன.

உயிரோடிருப்போரையே நம்பியிருப்பதில் இன்னோர் அநீதியும் மறைந்திருக்கிறது. 2023-ம் வருஷத்தில் இந்தியாவில் உயிரோடு அவயவம் கொடுத்தவர்கள் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஸ்திரீகள். தாயும் மனைவியும் சகோதரியும் அன்பினால் கொடுக்கிறார்களென்பதை மறுக்கவில்லை. ஆயினும் குடும்பத்தில் தியாகமென்றால் அது பெண்களுக்கே உரியதென்று தீர்மானித்துவிட்ட ஆண்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். சந்தையில் கடன் செய்யும் நிர்ப்பந்தத்தை வீட்டில் வழக்கம் செய்துவிடக் கூடாது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவைதாம். முதலாவது, அநுமதிக் கமிட்டிகள் உறவினரல்லாதார் தானத்தை ஆராயும்பொழுது, கொடுப்பவரைத் தனியே வைத்து விசாரிக்க வேண்டும். அவருடைய கடன் நிலையை அவர் குடியிருக்கும் ஊரிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, கடனால் விற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் சாட்சிகளாக நடத்துவதற்குச் சட்டத்தில் இடஞ்செய்ய வேண்டும். அவர்களுக்கு ஆயுள் முழுவதும் இலவச வைத்தியப் பரிசோதனை அளிக்க வேண்டும். மூன்றாவது, ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றிலும் மூளைச்சாவைக் கண்டறியவும் குடும்பத்தாரோடு பேசவும் பயிற்சி பெற்றவர்கள் இருத்தல் வேண்டும். நான்காவது, சிகிச்சை பெற்ற ஏழை நோயாளிக்கு, ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்துகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். மருந்து நின்றால் பொருத்திய சிறுநீரகமும் பாழாகும். ஒருவருடைய தானம் வீணாகும். ஐந்தாவது, நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் கிராமந்தோறும் முன்கூட்டியே கண்டறிந்து சிகிச்சை செய்தால், சிறுநீரகம் தேடி அலைவோர் தொகையே குறையும்.

இவ்வளவும் செய்தாலும், பள்ளிபாளையத்துத் தொழிலாளியின் கடன் அப்படியே இருக்குமாயின், தரகன் வேறொரு வாயிலைத் தேடிக்கொண்டு வருவான். 2004-ம் வருஷத்துச் சுனாமியால் வீடிழந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றார்களென்று 2007-ல் செய்தி வந்தபொழுதும் நாம் பதறினோம்; பிறகு மறந்தோம். அன்று கடலும் கடனும். இன்று தறியும் கடனும். இடமும் தொழிலும் மாறுகின்றன; கடன் மாறவில்லை. நியாயமான கூலியும், கொள்ளை வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களும் இல்லாத ஊரில், எந்தச் சட்டமும் ஏழையின் உடலுக்கு முழுக் காவலாக இராது.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தறிக்கூடங்களிலும் குப்பங்களிலும் சென்று, உடலை விற்றுக் கடனடைத்தவர் அரிதென்பதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதோடு இன்னொரு காரியத்தை இன்றே உங்கள் வீட்டில் செய்யுங்கள். நீங்கள் தானப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், இறந்தபின் உங்கள் குடும்பத்தாருடைய சம்மதமில்லாமல் அவயவங்களை எடுக்கமாட்டார்கள். ஆதலால் உங்கள் விருப்பத்தை மனைவி மக்களிடம் வாய்திறந்து சொல்லி வையுங்கள். மண்ணும் நெருப்பும் கொள்ளும் உடலினின்று மனமுவந்து கொடுப்பவர்கள் நாட்டில் பெருகும்பொழுதுதான், உயிருள்ள ஏழையின் உடலுக்கு விலை பேசுகிறவன் வேலையற்றுப் போவான்.